'கிரீடன்ஸ்' என்பதும் 'கிரெடிபிலிட்டி' என்பதும் ஒன்றா? தமிழில் எங்கே எதைப் போடுவது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். ஆங்கிலச் செய்திக் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது 'கிரீடன்ஸ்' வருகிற இடத்தில் வாக்கியம் இடறுகிறது. அகராதியைப் புரட்டினால் நம்பிக்கை, நம்பகத்தன்மை இரண்டும் கிடைக்கின்றன. எதைப் போட்டாலும் ஏதோ பிசகுகிறது. இந்த நான்கு இடங்களைப் பாருங்கள்:

1. 'கிவ் நோ கிரீடன்ஸ் டு': "அந்த வதந்திக்குக் காவல்துறை நம்பகத்தன்மை கொடுக்கவில்லை."

2. 'லெண்ட் கிரீடன்ஸ் டு': "பதிவேட்டில் உள்ள குறிப்பு, கிடங்கு உரிமையாளரின் கூற்றை உறுதிப்படுத்துகிறது."

3. 'கெயின் கிரீடன்ஸ்': "இந்தக் கருத்து இப்போது நம்பிக்கை பெற்று வருகிறது."

4. 'கிரெடிபிள் த்ரெட்': "நம்பகமான மிரட்டல்."

கிரீடன்ஸும் கிரெடிபிலிட்டியும் ஒரே பொருள்தானா? இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தமிழில் உண்டா? இரண்டாவது வாக்கியம் சரியாகத்தான் படுகிறது. அதையும் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

---

பிழைதிருத்தி

ஒரே வேரில் கிளைத்த சொற்கள், ஆனால் நிற்கும் இடம் வேறு. கிரெடிபிலிட்டி சொல்கிறவரிடமோ சொல்லப்பட்டதிலோ இருக்கும் பண்பு. கிரீடன்ஸ் கேட்கிறவர் கொடுப்பது. இந்தத் திசையைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்கிறோமே, அங்கே இல்லாமல் போவது எது? அந்த ஏழை வாழ்நாளில் பொய்யே பேசாதவராக இருக்கலாம். அவருடைய கிரெடிபிலிட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அம்பலத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர் சொல்லை நம்பி எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவருக்குக் கொடுக்கப்படாமல் போனது கிரீடன்ஸ். நேர்மாறாக, போலி மருத்துவர் ஒருவரை ஊரே நம்புகிறது என்றால் அவருக்குக் கிரீடன்ஸ் அள்ளிக் கொடுக்கப்படுகிறது, கிரெடிபிலிட்டி துளியும் இல்லை.

இப்போது முதல் வாக்கியம். 'நம்பகத்தன்மை' என்பது 'தன்மை' என்று முடிகிற சொல். தன்மை இருக்கும், குறையும், கெடும். அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 'இனிப்புத்தன்மை கொடுக்கவில்லை' என்று யாரும் பேசுவதில்லையே. ஆங்கிலம் இங்கே பெயர்ச்சொல்லை வைத்து வேலை செய்கிறது, தமிழ் வினைச்சொல்லை வைத்துச் செய்யும். நம்பு, செவிசாய், காது கொடு, ஏற்றுக்கொள் என்று வினையாக்கிவிட்டால் வாக்கியம் தானாக நிமிரும்: "அந்த வதந்தியைக் காவல்துறை நம்பவில்லை."

'பொருட்படுத்தவில்லை' என்று எழுதுவதையும் பார்க்கிறேன். அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் மாறும். நம்பாமலே பொருட்படுத்தலாம். வதந்தியைக் காவல்துறை நம்பாவிட்டாலும், கூட்டம் கூடிவிடக் கூடாதென்று தெருமுனையில் நான்கு பேரை நிறுத்தியிருக்கலாம். மூலத்தில் அலட்சியம் என்ற குறிப்பு இருந்தால் மட்டும் 'பொருட்படுத்தவில்லை'.

மூன்றாவதில் 'நம்பிக்கை பெற்று வருகிறது' என்றால் கருத்துக்கே தைரியம் வந்துவிட்டது போல ஒலிக்கிறது. நம்புகிறவர்களை எழுவாயாக்குங்கள்: "இந்தக் கருத்தைப் பலரும் ஏற்கத் தொடங்கியிருக்கிறார்கள்." நடை கொஞ்சம் இளகியிருந்தால், "இந்தக் கருத்து எடுபடத் தொடங்கியிருக்கிறது." 'எடுபடு' மிக நல்ல சொல். "அவர் பேச்சு அங்கே எடுபடாது" என்பதில் கிரீடன்ஸின் பொருள் முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

நான்காவது தனிக் கதை. 'நம்பகமான' என்று எழுதியதும் மிரட்டல் நல்ல பொருளாகிவிடுகிறது, நம்பகமான தையல்காரர், நம்பகமான வண்டி என்பது போல. இங்கே கிரெடிபிள் என்பதன் பொருள், மிரட்டியவருக்கு அதைச் செய்யும் வசதியும் மனமும் உண்டு என்று கேட்பவர் நம்புகிற நிலை. "வெற்று மிரட்டல் அல்ல" அல்லது "செய்துவிடக்கூடிய மிரட்டல்" என்று எழுதலாம். இந்தியாவின் அணுஆயுதக் கொள்கையில் 2003 ஜனவரியில் ஏற்கப்பட்ட 'கிரெடிபிள் மினிமம் டெட்டரன்ஸ்' என்ற தொடரிலும் இதே கிரெடிபிள்தான். தாக்கினால் திருப்பி அடிப்பார்கள் என்று எதிரி நம்ப வேண்டும். நம்பாவிட்டால் அந்த ஆயுதம் தடுப்பாகாது. 'நம்பத்தகு குறைந்தபட்சத் தடுப்பாற்றல்' என்று எழுதினால் இந்தப் பொருள் ஓரளவு நிற்கும். 'நம்பகமான' என்று எழுதினால் ஆயுதம் பழுதில்லாமல் இயங்கும் என்ற பொருள் வந்துவிடும்.

'கொடுப்பது' என்ற பொருளை அப்பட்டமாகக் காட்டும் இடம் ஒன்று உண்டு. ஒரு நாட்டின் தூதர் இன்னொரு நாட்டுத் தலைவரிடம் தருகிற கடிதத்துக்கு 'லெட்டர் ஆஃப் கிரீடன்ஸ்' என்று பெயர். இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'நற்சான்றுப் பத்திரம்' என்று வரும். அனுப்பும் நாட்டின் தலைவர் அதில் வழக்கமாக எழுதுகிற வேண்டுகோள் இது: என் பெயரால் இவர் சொல்வதை எல்லாம் நீங்கள் முழுமையாக நம்பி ஏற்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'கிவ் ஃபுல் கிரீடன்ஸ்' என்றுதான் இருக்கும். தூதருக்கு எவ்வளவு நற்பெயர் இருந்தாலும் சரி, கேட்கிறவர் கொடுக்க வேண்டியதைக் கேட்டு வாங்குகிற கடிதம் அது.

இரண்டாவது வாக்கியத்தைச் செய்தி மேசைக்காரர்கள் யாராவது எடுத்துக்கொள்ளட்டும். அதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

---

நடுப்பக்கம்

எடுத்துக்கொள்கிறேன். நான்கில் மிக மோசமான பிழை அதுதான், சரியாக இருப்பது போலத் தோன்றுவதால். 'லெண்ட் கிரீடன்ஸ் டு' என்பது நிரூபணத்தில் சேராது, உறுதிப்படுத்தலிலும் சேராது. "இப்படி இருக்கலாம் என்று நம்புவதற்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது" என்ற அளவில் நிற்கிற சொல். அதை 'உறுதிப்படுத்துகிறது' என்று மாற்றினால் மூன்று படி ஏற்றிவிடுகிறீர்கள்.

உங்கள் வாக்கியத்தையே விரிவாக வைத்துக்கொள்வோம். ஒரு கிடங்கில் இரவில் தீப்பிடிக்கிறது. மின்கசிவுதான் காரணம் என்கிறார் உரிமையாளர். அன்றிரவு 11.20க்கு அதே தெருவிலிருந்து மின்னழுத்தம் ஏறி இறங்குவதாக ஒரு புகார் வந்திருப்பது மின்வாரியப் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேடு சொல்வது என்ன? தெருவில் மின்சாரம் சரியாக இல்லை. அவ்வளவே. கிடங்குக்குள் கசிவு நடந்ததா, அதனால்தான் தீ வந்ததா என்பதெல்லாம் பதிவேட்டுக்குத் தெரியாது. ஆங்கில நிருபர் அதனால்தான் அளந்து 'லெண்ட் கிரீடன்ஸ்' என்று எழுதினார். தமிழில் 'உறுதிப்படுத்துகிறது' என்று போட்டவுடன் விசாரணை முடிந்து, உரிமையாளர் காப்பீட்டுத் தொகை வாங்கப் போய்விடுகிறார்.

படிகளைக் கீழிருந்து மேலாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'லெண்ட் கிரீடன்ஸ்' என்றால் வலுச் சேர்க்கிறது, நம்ப இடமளிக்கிறது. 'சப்போர்ட்' என்றால் ஆதரவாக இருக்கிறது. 'கொரபரேட்' என்றால் வேறொரு வழியில் தனியாக வந்த தகவல் இதனோடு ஒத்துப்போகிறது. 'கன்ஃபர்ம்' என்றால் உறுதிசெய்கிறது. 'ப்ரூவ்' என்றால் மெய்ப்பிக்கிறது, நிரூபிக்கிறது. நம் செய்திகளில் ஐந்துக்கும் சேர்த்து 'உறுதிப்படுத்துகிறது' என்ற ஒரே சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. வாசகர் அந்த ஐந்து படிகளையும் பார்க்கவே வழியில்லாமல் போகிறது.

சரியான படியில் நிற்கிறோமா என்று பார்க்க எளிய சோதனை: வாக்கியத்தின் பின்னால் 'ஆனால் அது தவறாகவும் இருக்கலாம்' என்று ஒட்டிப் பாருங்கள். "பதிவேட்டுக் குறிப்பு உரிமையாளரின் கூற்றுக்கு வலுச் சேர்க்கிறது, ஆனால் அது தவறாகவும் இருக்கலாம்" நிற்கிறது. "உறுதிப்படுத்துகிறது, ஆனால் அது தவறாகவும் இருக்கலாம்" சாய்ந்துவிடுகிறது. மூலத்தில் ஒட்டினால் நின்று, தமிழில் ஒட்டினால் சாய்ந்தால், நீங்கள் ஏற்றி எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.

இன்னொரு இடத்திலும் தடுக்கும். கூற்றுக்குப் பதிலாக 'சந்தேகம்', 'அச்சம்' போன்றவை வந்தால் நம்பகத்தன்மை என்ற சொல்லை நினைத்தும் பார்க்காதீர்கள். 'சந்தேகத்துக்கு நம்பகத்தன்மை அளித்தது' என்று அச்சில் வந்துகொண்டிருக்கிறது. "சந்தேகத்தை வலுப்படுத்தியது" என்றால் முடிந்தது.

'லெண்ட்' என்பதால் கடன், இரவல் என்று யோசிக்க வேண்டாம். திருப்பித் தருவது பற்றிய பேச்சே அதில் இல்லை. எழுவாயையும் கவனியுங்கள். 'கிவ்' வந்தால் பெரும்பாலும் நம்புகிற ஆள் எழுவாய், 'லெண்ட்' வந்தால் சான்றோ நிகழ்வோ எழுவாய், 'கெயின்' வந்தால் கருத்தே எழுவாய். எழுவாய் யார் என்று பார்த்தாலே எந்த வினையை எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

---

சொற்கிடங்கு

உச்சரிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. 'கிரீடன்ஸ்' என்று நெடிலாகவே சொல்ல வேண்டும், 'கிரெடன்ஸ்' அல்ல. கிரெடிபிள், கிரெடிட், கிரெடென்ஷியல் மூன்றிலும் குறில். எழுத்து ஒன்றாக இருப்பதால் தவறாக வாசிக்கிறோம். வைகைக்கரை சரியாக எழுதியிருக்கிறார்.

வேர், 'நம்பு' என்று பொருள்படும் லத்தீன் வினை கிரெடெரே. 'நான் நம்புகிறேன்' என்பது கிரெடோ. கத்தோலிக்கர்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணம் லத்தீனில் இந்தச் சொல்லோடுதான் தொடங்கும். தமிழ் வாசகருக்குச் சுவையான செய்தி ஒன்று: இந்த லத்தீன் வினையும் சமஸ்கிருத 'சிரத்தா'வும் ஒரே இந்தோ ஐரோப்பிய மூலத்தில் பிறந்தவை. நாம் 'சிரத்தையாகச் செய்தான்' என்கிறோமே, அந்தச் சிரத்தை கிரீடன்ஸுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. சிராத்தமும் அதே குடும்பம்தான். நம்பிக்கை என்ற பொருள் தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அக்கறை என்று திரும்பிவிட்டது.

அலுவலகத் தளவாடக் கடைகளில் 'கிரெடென்சா' என்று நீளமான தாழ்ந்த அலமாரி விற்கிறார்களே, அதுவும் இங்கிருந்து வந்ததுதான். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். பிரபுக்களுக்குப் பரிமாறும் முன் உணவில் நஞ்சில்லை என்று ஒருவர் சுவைத்துக் காட்டும் வழக்கத்துக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு அந்த உணவை வைக்கும் மேசைக்கே பெயரானது என்பார்கள். தேவாலயத்தில் பூசைக்கு வேண்டிய அப்பம், திராட்சை இரசம், தண்ணீர் வைக்கும் சிறு மேசைக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'கிரீடன்ஸ் டேபிள்' என்றே பெயர். மொழிபெயர்க்கும்போது 'நம்பிக்கை மேசை' ஆக்கிவிடாதீர்கள். 'பக்க மேசை' போதும்.

இந்தக் குடும்பத்தில் கலந்து போகிற ஜோடிகள்:

கிரெடிபிள், கிரெடுலஸ். முன்னது நம்பத்தக்கது. பின்னது எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள், காதில் பூச்சுற்ற வாகானவர். 'ஸ்ட்ரெயின்ஸ் கிரெடுலிட்டி' என்று வந்தால் "நம்பும்படியாக இல்லை" என்று எழுதுங்கள்.

இன்கிரெடிபிள், இன்கிரெடுலஸ். நம்ப முடியாதது செய்தி, நம்ப மறுப்பவர் ஆள். 'இன்கிரெடுலஸ் லுக்' என்றால் "நம்பாத பார்வை". 'வியக்கத்தக்க பார்வை' என்று மாற்றினால் கதையே மாறும்.

கிரெடிபிள், கிரெடிட்டபிள். பின்னது "பாராட்டும்படியான", அதுவும் அளவான பாராட்டு. தோற்ற அணி நன்றாக ஆடியது என்னும் இடத்தில் வரும். 'மகத்தான' அளவுக்குப் போகாது.

கிரெடிட் என்றதும் கடன் என்று தாவுவது இன்னொரு பொறி. அமெரிக்க அரசமைப்பின் நான்காம் பிரிவில் 'ஃபுல் ஃபெய்த் அண்ட் கிரெடிட்' என்று ஒரு தொடர் உண்டு. ஒரு மாநிலத்தின் சட்டங்கள், ஆவணங்கள், நீதிமன்ற நடவடிக்கைகளை மற்ற மாநிலங்கள் முழுமையாக ஏற்க வேண்டும் என்று பொருள். கடனுக்கு அங்கே வேலையில்லை. அதே தொடர் அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களைப் பற்றிய எழுத்தில் வந்தால் கடனைத் திருப்பித் தரும் வாக்குறுதி என்று பொருள். ஒரே தொடர், எங்கே நிற்கிறது என்று பார்த்தே எழுத வேண்டும்.

காசும் நம்பிக்கையும் ஒரு சொல்லில் குடியிருப்பது நமக்கும் புதிதல்ல. 'நாணயம்' என்றால் காசு, 'நாணயமான ஆள்' என்றால் சொன்ன சொல் தவறாதவர். கொடுக்கல் வாங்கலில் ஒருவருக்குள்ள கிரெடிபிலிட்டியைக் குறிக்க 'நாணயம்' போல ஒரு சொல் வராது. "சந்தையில் அவருடைய கிரெடிபிலிட்டி போய்விட்டது" என்பதை "சந்தையில் அவருக்கு நாணயம் போய்விட்டது" என்று எழுதிப் பாருங்கள்.

---

குறுக்குவிசாரணை

சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். நீதிமன்றச் செய்திகளில்தான் இந்தச் சொற்கள் அதிகம் புரட்டப்படுகின்றன.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் சாட்சியின் 'கிரெடிட்டை' அசைப்பது பற்றி 146, 155 பிரிவுகள் பேசின. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 155க்கு ஈடானது 158ஆம் பிரிவு. இங்கே கிரெடிட் என்பது சாட்சியின் நம்பகத்தன்மை. அதைக் குலைக்க வழிகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன: அந்தச் சாட்சியை அறிந்தவர்கள் வந்து 'இவர் நம்பத் தகுந்தவரல்ல என்றே கருதுகிறோம்' என்று சொல்வது, சாட்சி லஞ்சமோ வேறு முறைகேடான ஆதாயமோ பெற்றதை (அல்லது லஞ்சம் பெற ஒப்புக்கொண்டதை) மெய்ப்பிப்பது, முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் முரண் இருப்பதைக் காட்டுவது.

மொழிபெயர்ப்பில் மூன்று சொற்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். சாட்சியத்தை நீதிமன்றத்தின் முன் வைக்கவே சட்டம் இடம் தருகிறதா என்பது ஏற்கத்தக்க தன்மை. உள்ளே வந்த பின் அதை நம்பலாமா என்பது நம்பகத்தன்மை. நம்பினாலும் வழக்குக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பது சாட்சியத்தின் எடை. 'ஏற்புடைமை' என்ற சொல்லைக் கிரெடிபிலிட்டிக்குப் போடுகிறவர்கள் முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முழுக்க ஏற்கத்தக்க சாட்சியம் கொஞ்சமும் நம்ப முடியாததாக இருப்பது நீதிமன்றத்தில் அன்றாடம் நடப்பது.

இன்னொன்று, நம்பகத்தன்மை இருக்கிறது, இல்லை என்று இரண்டே கட்டம் அல்ல. 1957இல் வடிவேலு தேவர் எதிர் மதராஸ் மாநிலம் என்ற வழக்கில், ஒரே ஒருவர் சாட்சியை வைத்துத் தண்டிக்கலாமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது. முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், முழுக்க இப்படியும் இல்லாமல் முழுக்க அப்படியும் இல்லாமல் இடையில் நிற்பவர். முதல் வகை என்றால் ஒருவர் சொல்லே போதும். இரண்டாம் வகையிலும் சிக்கல் இல்லை, தள்ளிவிடலாம். மூன்றாம் வகைக்குத்தான் வேறு இடத்திலிருந்து துணைச் சான்று தேட வேண்டும். இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற எண்ணிக்கையைச் சட்டம் கேட்பதில்லை. இன்றும் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற பகுப்பு இது. அங்கே ஆங்கிலத்தில் வருவது 'ரிலையபிள்'. சாட்சியைப் பொறுத்தவரை ரிலையபிள், கிரெடிபிள் இரண்டுக்குமே தமிழில் 'நம்பத்தக்க' என்று எழுதிக் குறையில்லை.

பிறழ் சாட்சி என்றவுடன் கிரெடிபிலிட்டி முழுவதும் போய்விட்டது என்று எழுதுவதும் தவறு. தன்னை அழைத்த தரப்புக்கு எதிராகத் திரும்பியதால் அவர் சொன்னது எல்லாம் அழிந்துவிடாது. அவர் சாட்சியத்தில் நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

கைது பற்றிய செய்திகளில் 'கிரெடிபிள் இன்ஃபர்மேஷன்' வரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் இருந்த தொடர், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவில் இருக்கிறது. 'நம்பத்தகுந்த தகவல்' என்று எழுதுங்கள். 'ரகசியத் தகவல்' என்று எழுதாதீர்கள். ரகசியம் என்பது தகவல் வந்த விதம், நம்பத்தகுந்தது என்பது தகவலின் தரம். சட்டம் கேட்பது தரத்தை.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. திசை என்று சொன்னது நன்றாகப் பிடிபட்டது. இரண்டு தொடர் கேள்விகள். 'ரிலையபிலிட்டி'க்கும் நம்பகத்தன்மை என்றே எழுதுகிறோம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் என்ன செய்வது? அடுத்தது, பொருளியல் கட்டுரை ஒன்றில் 'கிரீடன்ஸ் குட்ஸ்' என்றும், தத்துவக் கட்டுரை ஒன்றில் 'கிரீடன்சஸ்' என்று பன்மையிலும் வருகிறது. கிரீடன்ஸுக்குப் பன்மை கிடையாது என்றுதானே படித்தோம்?

---

உரைகல்

பன்மையிலிருந்து தொடங்குகிறேன். பொதுவழக்கில் கிடையாது, உண்மைதான். நிகழ்தகவு சார்ந்த தத்துவத்தில் மட்டும் அது கலைச்சொல்லாகிப் பன்மை பெற்றுவிட்டது. அங்கே கிரீடன்ஸ் என்பது ஒரு கூற்றை ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பதை 0 முதல் 1 வரை குறிக்கும் எண். 0 என்றால் துளியும் நம்பவில்லை, 1 என்றால் முழுசாக நம்புகிறார். பழுதில்லாத காசைச் சுண்டினால் தலை விழும் என்பதற்கு 0.5. ஒன்றை 0.7 அளவு நம்புகிறவர் அதன் மறுப்பை 0.3 அளவு நம்ப வேண்டும், கூட்டினால் 1 வர வேண்டும் என்பது விதி. இதற்கு 'நம்பளவு' என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. 'நம்பிக்கை மட்டம்', 'நம்பிக்கை இடைவெளி' இரண்டையும் தொடாதீர்கள். அவை புள்ளியியலில் 'கான்ஃபிடன்ஸ்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே போய்விட்டன, கருத்தும் வேறு.

ரிலையபிலிட்டிக்கு எளிய வழி: அது திரும்பத் திரும்பப் பார்த்து எழுவது, கிரெடிபிலிட்டி இந்த ஒருமுறை நம்பலாமா என்பதற்கும் பொருந்தும். தராசு ஒன்று எப்போது வைத்தாலும் சரியாக 50 கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வையுங்கள். அளவீட்டியலில் அதற்கு ரிலையபிலிட்டி உண்டு, முடிவு மாறுவதே இல்லையே. ஆனால் அது காட்டும் எடை தவறு. ஆகவே கருவி, சோதனை, வினாத்தாள் பற்றிய எழுத்தில் ரிலையபிலிட்டிக்கு 'மாறாத்தன்மை' என்றோ 'ஒரே சீரான முடிவு தருவது' என்றோ எழுதி, நம்பகத்தன்மையைக் கிரெடிபிலிட்டிக்கு விட்டுவிடலாம். ஆய்வியல் பாடநூல்கள் ரிலையபிலிட்டிக்கே நம்பகத்தன்மையைக் கொடுத்துவிட்டன. அந்த மாணவர்களுக்கு எழுதினால் அதை மாற்ற வேண்டாம். அப்போது கிரெடிபிலிட்டியை 'நம்பத்தகு நிலை' என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மனிதர் பற்றி வந்தால் இரண்டு கூறாகப் பார்ப்பது உதவும். 1951இல் ஹோவ்லண்ட், வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரே செய்தியை நம்பத்தகுந்த மூலம், நம்பத்தகாத மூலம் என்று பெயர் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு மரபில் மூலத்தின் கிரெடிபிலிட்டி, விஷயம் தெரிந்தவர் என்பதும் உள்ளதைச் சொல்பவர் என்பதும் சேர்ந்தது. மூலக் கட்டுரையில் 'லாஸ்ட் கிரெடிபிலிட்டி' என்று வந்தால் இரண்டில் எது போயிற்று என்று பாருங்கள். பொய் சொல்லி மாட்டியவர் என்றால் 'அவர் பேச்சை இனி நம்ப மாட்டார்கள்'. கணிப்புகள் தொடர்ந்து பொய்த்த நிபுணர் என்றால் 'அவருடைய கணிப்புக்கு மதிப்பு போய்விட்டது'. இரண்டுக்கும் 'நம்பகத்தன்மையை இழந்தார்' என்று எழுதலாம், பிழையில்லை. ஆனால் நிபுணரைப் பொய்யராக்கிவிடும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

இனி 'கிரீடன்ஸ் குட்ஸ்'. 1973இல் டார்பி, கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் வைத்த பெயர். சரக்கு மூன்று வகை. வாங்குமுன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்று, சட்டையின் நிறம் போல. வாங்கிப் பயன்படுத்திய பின் தெரிவது இரண்டாவது, தேங்காய் போல. தட்டிப் பார்த்து ஊகிக்கலாம், உடைத்தால்தான் தெரியும். மூன்றாவது, பயன்படுத்திய பிறகும் வாங்கியவருக்குத் தெரியாது. கார் மெக்கானிக் மாற்றிய உதிரிபாகம் உண்மையில் கெட்டிருந்ததா? இயற்கை வேளாண் அரிசி என்று வாங்கியதில் ரசாயன உரம் படவில்லையா? சமைத்துச் சாப்பிட்ட பிறகும் நாக்கு சொல்லாது. விற்பவர் சொல்லை நம்புவது ஒன்றே வழி. அதனால்தான் அந்தப் பெயர். 'நம்பகமான பொருட்கள்' என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். இவை நம்பகமானவை என்பதற்காக இந்தப் பெயர் வரவில்லை, நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பதற்காக வந்தது. 'நம்பி வாங்கும் பண்டம்' என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

தங்க நகை நல்ல எடுத்துக்காட்டு. உரைகல்லும் பழகிய கண்ணும் இல்லாதவருக்கு 22 காரட்டும் 18 காரட்டும் கையில் ஒன்றுதான். அங்கே விற்பவரின் நாணயத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றுதான் ஹால்மார்க் வந்தது. நகையின் உட்புறத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், தூய்மை எண், ஆறு இலக்கங்களில் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியீடு ஆகியவை இருக்கும். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை அந்த ஆறு இலக்கக் குறியீடு இல்லாமல் விற்கக்கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் குறியீட்டைத் தட்டினால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையில் இருப்பது மோதிரம், செயலி வளையல் என்கிறது என்றால் நகையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இப்படிப்பட்ட சான்றுக்குத்தான் 'அக்ரெடிடேஷன்', 'கிரெடென்ஷியல்ஸ்' போன்ற சொற்கள். ஒரு நிறுவனம் சான்றளிக்கத் தகுதியானது என்று இன்னொரு அமைப்பு ஏற்பது 'அங்கீகாரம்'. ஒருவர் தன் தகுதியைக் காட்ட நீட்டுவது 'தகுதிச் சான்று'.

---

வைகைக்கரை

திருத்தி எழுதியது இது. பார்த்துச் சொல்லுங்கள்.

1. "அந்த வதந்தியைக் காவல்துறை நம்பவில்லை."

2. "மின்வாரியப் பதிவேட்டுக் குறிப்பு, கிடங்கு உரிமையாளரின் கூற்றின் நம்பகத்தன்மைக்கு வலுச் சேர்க்கிறது."

3. "இந்தக் கருத்தைப் பலரும் ஏற்கத் தொடங்கியிருக்கிறார்கள்."

4. "இது வெற்று மிரட்டல் அல்ல என்று அதிகாரிகள் கருதுகிறார்கள்."

---

நடுப்பக்கம்

1, 3 இரண்டும் அப்படியே போகலாம். 2இல் 'கூற்றின் நம்பகத்தன்மைக்கு' என்பதை எடுத்துவிட்டு "கூற்றுக்கு வலுச் சேர்க்கிறது" என்று நிறுத்துங்கள். வலு என்றாலே அந்தப் பொருள் வந்துவிட்டது. 4இல் மூலத்தைத் திரும்பப் பாருங்கள். 'அதிகாரிகள் கருதுகிறார்கள்' என்பது அங்கே இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 'தீர்மானித்தார்கள்' என்ற பொருளில் 'டிட்டர்மிண்ட்' என்று இருந்தால் 'என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்' என்று மாற்றுங்கள்.